மூன்று எழுத்தில் நின்றுபோகும் நகல்

பாக்டீரியா தன் டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதுவது பற்றியும், அந்த எழுத்தை நடுவில் நிறுத்தும் காசநோய் மருந்து பற்றியும் வாசகர்கள் கேட்ட கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி (பிளஸ் டூ மாணவி, பழனி): ‘படியெடுத்தல்’ பாடத்தை மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் புரியவில்லை. டி.என்.ஏ. கையில் இருக்கும்போது ஆர்.என்.ஏ. எதற்கு?

பதில்: மின் இணைப்பு கேட்டு விண்ணப்பிக்கப் போகும்போது வீட்டின் மூலப் பத்திரத்தையா கொடுத்துவிட்டு வருகிறோம்? அதைப் பீரோவில் பூட்டிவிட்டு, வேண்டிய பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போகிறோம். நகல் கசங்கலாம், கிழியலாம். பத்திரம் பத்திரமாக இருக்கும். டி.என்.ஏ.தான் பத்திரம், ஆர்.என்.ஏ. நகல்.

ஈ. கோலை என்னும் குடல் பாக்டீரியாவின் டி.என்.ஏ. சுமார் 46 லட்சம் எழுத்து நீளம். அதில் ஏறத்தாழ 4,300 மரபணுக்கள். இந்த நிமிடத்துக்குத் தேவையான மரபணுக்களை மட்டும் அது நகலெடுக்கும். நகலின் ஆயுள் பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். பிறகு செல்லே அதைச் சிதைத்து, எழுத்துகளை மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். இதை வீண்செலவு என்று நினைக்க வேண்டாம். சூழல் மாறியதும் பழைய உத்தரவு செல்லாமல் போக வேண்டுமே, அதற்கு இதுதான் வழி. ஒரு எழுத்து வித்தியாசத்தை மட்டும் தேர்வுக்கு நினைவில் வையுங்கள்: டி.என்.ஏ.வில் ‘டி’ வரும் இடத்தில் ஆர்.என்.ஏ.வில் ‘யு’ வரும்.

கேள்வி (அறிவியல் ஆசிரியர், கோவில்பட்டி): 46 லட்சம் எழுத்துக்குள் ஒரு மரபணு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது யார்?

பதில்: எழுதுவது ஒருவர், இடம் காட்டுவது இன்னொருவர். எழுதும் நொதியின் பெயர் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ். இரண்டு ஆல்ஃபா, ஒரு பீட்டா, ஒரு பீட்டா-பிரைம், ஒரு ஒமேகா என்று ஐந்து புரதத் துண்டுகள் சேர்ந்தது. எழுத அதற்கு நன்றாகத் தெரியும். எங்கே தொடங்குவது என்பது தெரியாது. அதைக் காட்டும் புரதம் சிக்மா. 1969இல் ரிச்சர்ட் பர்ஜஸ், ஆண்ட்ரூ டிராவர்ஸ் முதலியோர் இதைக் கண்டறிந்தார்கள்.

நகல் தொடங்கும் புள்ளிக்கு 10 எழுத்து முன்னால் ஓர் அடையாளம், 35 எழுத்து முன்னால் இன்னோர் அடையாளம். இந்த இரண்டையும் சிக்மா தொட்டு அறிகிறது. அங்கே டி.என்.ஏ.வின் இரட்டை இழை பத்துப் பன்னிரண்டு எழுத்து அளவுக்குப் பிரிகிறது. எழுத்து தொடங்குகிறது.

அடுத்து நடப்பது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். பாலிமரேஸ் உடனே ஓடிவிடுவதில்லை. சில எழுத்துகளைக் கோத்து, துண்டை உதறிவிட்டு, நின்ற இடத்திலிருந்தே மறுபடி தொடங்குகிறது. இப்படிப் பல முறை நடக்கும். நகல் சுமார் 10 எழுத்தைத் தாண்டிய பிறகுதான் பிடி இறுகி, தொடக்க இடத்தை விட்டு நகர்கிறது. இந்தத் தடுமாற்றமான தொடக்கத்தை வகுப்பில் சொல்லிக்கொடுங்கள். மருந்து வந்து மறிப்பது இந்த இடத்தில்தான்.

கேள்வி (கல்லூரி மாணவர், தஞ்சாவூர்): எவ்வளவு வேகம்?

பதில்: ஈ. கோலையில் விநாடிக்கு ஏறக்குறைய 40, 50 எழுத்து. ஆயிரம் எழுத்து மரபணுவை அரை நிமிடத்துக்குள் முடித்துவிடும். பாக்டீரியாவுக்கு உட்கரு கிடையாது என்பதால், நகலின் தலை வெளியே வந்ததுமே ரைபோசோம் அதைப் பற்றிப் புரதம் செய்ய ஆரம்பித்துவிடும், வால் இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே. நம் செல்லில் உட்கருவுக்குள் எழுதி முடித்து, வெட்டி ஒட்டித் திருத்தி, வெளியே அனுப்பிய பிறகுதான் அந்த வேலை.

கேள்வி (இல்லத்தரசி, சேலம்): நமக்குக் காய்ச்சல் வந்தால் உள்ளே இருக்கும் கிருமி வெந்து சாகாதா?

பதில்: வெப்பம் அதற்கும் தொந்தரவுதான். ஆனால் சும்மா இருக்காது. ஈ. கோலையிடம் ஏழு வகை சிக்மா உண்டு. அன்றாட வேலைக்கு சிக்மா-70, வெப்பத்துக்கு சிக்மா-32. சாதாரண நாளில் சிக்மா-32 உண்டான வேகத்திலேயே அழிக்கப்பட்டுவிடும். சூடு ஏறினால் இரண்டு விஷயம் நடக்கிறது. அதன் சொந்த ஆர்.என்.ஏ. மடிந்து மூடிக்கிடந்தது, சூட்டில் விரிந்து புரதம் செய்ய வழிவிடுகிறது. அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காவல் புரதங்களோ, சூட்டில் குலைந்த மற்றப் புரதங்களைச் சரிசெய்யப் போய்விடுகின்றன. சில நிமிடங்களில் சிக்மா-32 பெருகி, பாலிமரேஸைத் தன் பக்கம் இழுத்து, பாதுகாப்புப் புரத மரபணுக்களைப் படியெடுக்க வைக்கிறது.

காசநோய்க் கிருமியிடம் 13 சிக்மா இருக்கின்றன. நம் உடலின் பாதுகாப்புச் செல்லுக்குள்ளேயே, அமிலத்துக்கும் பட்டினிக்கும் நடுவில், ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும் கிருமி அது. எந்த நெருக்கடிக்கு எந்த மரபணுவைத் திறப்பது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

கேள்வி (மருந்தாளுநர், விருதுநகர்): காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் சரியாக என்ன செய்கிறது?

பதில்: நகலின் பாதையை அடைக்கிறது. பாலிமரேஸின் பீட்டா துண்டில் ஒரு குழி இருக்கிறது. எழுத்துகளைக் கோக்கும் மையத்திலிருந்து சற்றுத் தள்ளி, புதிய ஆர்.என்.ஏ. வெளியேறும் வழியை ஒட்டி. ரிஃபாம்பிசின் அந்தக் குழியில் போய் உட்கார்ந்துவிடும். பாலிமரேஸ் டி.என்.ஏ.வைப் பிடிக்கும், இழையைப் பிரிக்கும், முதல் எழுத்தைப் போடும், இரண்டாவதைப் போடும். மூன்றுக்கு மேல் நகல் நீள இடமில்லை. துண்டு உதிர்ந்துவிடும். மறுபடி தொடங்கும், மறுபடி உதிரும். 2001இல் எலிசபெத் கேம்ப்பெல், சேத் டார்ஸ்ட் குழுவினர் பாலிமரேஸும் மருந்தும் சேர்ந்திருக்கும் படிக அமைப்பை வெளியிட்டபோது இது கண்ணால் பார்ப்பதுபோல் தெளிவாயிற்று.

ஒரு கூடுதல் செய்தி: நகல் ஏற்கெனவே நீண்டு வழியை நிறைத்துவிட்டால் இந்த மருந்தால் அதை நிறுத்த முடியாது. தொடக்கத்தில் மறித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இந்த மருந்தின் பூர்வீகம் மண். 1957இல் இத்தாலியின் மிலான் நகரில் லெப்பெட்டிட் நிறுவனத்தின் ஆய்வகத்தில், தெற்கு பிரான்சின் கடலோரப் பைன் காட்டிலிருந்து வந்த மண்ணில் ஒரு பாக்டீரியாவைக் கண்டார்கள். அது சுரந்த பொருள்தான் ரிஃபாமைசின். பியரோ சென்சி குழுவினர் அதை ஆண்டுக்கணக்கில் மாற்றி மாற்றிப் பார்த்து, வாய்வழி சாப்பிடக்கூடிய ரிஃபாம்பிசினை 1965இல் எட்டினார்கள். ஒரு பாக்டீரியா தன் அண்டை அயலாரை அடக்க உருவாக்கிய ஆயுதத்தை நாம் வாங்கித் தீட்டிக்கொண்டோம்.

கேள்வி (ஆட்டோ ஓட்டுநர், மதுரை): கிருமியின் எழுத்தை நிறுத்தினால் நம் செல்லின் எழுத்தும் நின்றுவிடாதா?

பதில்: நல்ல கேள்வி. நம் பாலிமரேஸும் அதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் அந்தக் குழியின் அமைப்பு வேறு. மருந்து பொருந்தாது. நம் மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் பாக்டீரியாவாக இருந்தவை; அங்கே ஆபத்து வருமோ என்று கேட்கலாம். அங்கும் வராது. மைட்டோகாண்ட்ரியாவின் பாலிமரேஸ், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களின் பாலிமரேஸுக்கு உறவு. அதில் இந்தக் குழியே கிடையாது.

இதற்கு நேர்மாறும் உண்டு. ஐரோப்பியக் காடுகளில் முளைக்கும் அமனிட்டா ஃபலாய்டஸ் என்ற நச்சுக்காளானில் உள்ள ஆல்ஃபா-அமனிட்டின் நம் செல்லின் பாலிமரேஸ்களில் ஒன்றான பாலிமரேஸ்-2ஐ முடக்கும். கல்லீரல் செல்கள் புதிய நகல் எடுக்க முடியாமல் சாகும். பாக்டீரியாவுக்கு அது ஒன்றும் செய்யாது.

கேள்வி (ஒரு தாய், திண்டிவனம்): என் மகனுக்கு டி.பி. மாத்திரை ஆரம்பித்த நாளிலிருந்து சிறுநீர் செக்கச் சிவப்பாகப் போகிறது. ரத்தமா? பயத்தில் மாத்திரையை நிறுத்தலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்: நிறுத்தாதீர்கள், அம்மா. ரிஃபாம்பிசினே செங்கல் நிறப் பொடிதான். அந்த நிறம் சிறுநீரில், வியர்வையில், கண்ணீரில்கூட இறங்கும். வெள்ளைச் சட்டையின் கக்கத்தில் கறை படலாம். மருந்து உடம்பில் சேர்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மகன் கான்டாக்ட் லென்ஸ் போடுபவரென்றால் அதில் கறை ஏறும், கண்ணாடிக்கு மாறிக்கொள்ளட்டும்.

பார்க்க வேண்டியது வேறு. கண்வெள்ளை மஞ்சளாவது, விடாத வாந்தி, சோற்றைக் கண்டாலே வெறுப்பு, வலது விலாவுக்குக் கீழே வலி. இவை கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். இவற்றில் ஏதாவது தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கேள்வி (கட்டடத் தொழிலாளி, செங்கல்பட்டு): இரண்டு மாதம் சாப்பிட்டேன். இருமல் போச்சு, எடை கூடிச்சு, சளியிலும் கிருமி இல்லை என்றார்கள். இன்னும் நாலு மாதம் எதற்கு?

பதில்: வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் வாரங்களிலேயே மடிந்துவிடும். இருமல் போனது அதனால். ஆனால் ஒரு சிறு கூட்டம் ஏறக்குறைய உறக்கத்தில் கிடக்கும். செல்சுவர் கட்டாத கிருமியை, சுவரைத் தாக்கும் மருந்து என்ன செய்யும்? இந்தக் கிருமிகள் அவ்வப்போது சற்று நேரம் விழித்து, கொஞ்சம் ஆர்.என்.ஏ. எழுதி, மறுபடி அடங்கும். அந்தச் சிறிய இடைவெளியிலேயே பிடிக்கக்கூடிய மருந்து ரிஃபாம்பிசின் என்பது காசநோய் ஆய்வாளர் டெனிஸ் மிச்சிசன் தந்த விளக்கம். எது எப்போது விழிக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் மருந்து நாள் தவறாமல் ரத்தத்தில் இருக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் நான்கு மாதம் எவ்வளவு சுருங்கி வந்தது என்பதைச் சொல்கிறேன். தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்கியிருப்பீர்கள். அந்தப் பெயர் காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைத்த மருத்துவமனையால் வந்தது. அந்தக் காலத்தில் நல்ல காற்று, சத்துணவு, படுக்கை ஓய்வுதான் சிகிச்சை. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்குச் சானடோரியத்தில் ஓராண்டு சிகிச்சை. மீதிப் பேர் தங்கள் நெருக்கமான வீடுகளிலேயே இருந்து அதே மாத்திரைகளைச் சாப்பிட்டார்கள். 1959இல் வந்த முடிவு: குணமாவதில் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். வீட்டில் உடனிருந்தவர்களுக்குத் தொற்றும் கூடவில்லை. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட அது பெரிய காரணம். இதைச் சாதித்துக் காட்டியவர்கள் சென்னையின் குடிசைப்பகுதி மக்கள் என்பதில் எனக்குத் தீராத பெருமை உண்டு.

ஆனால் அப்போது ரிஃபாம்பிசின் கிடையாது. ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்று மாத்திரை விழுங்க வேண்டும். அதே ஃபாக்ஸும் மிச்சிசனும் பின்னர் கிழக்கு ஆப்பிரிக்காவில் நடத்திய சோதனைகளில்தான், 1970களின் தொடக்கத்தில், ரிஃபாம்பிசின் சேர்ந்தால் ஆறு மாதம் போதும் என்று தெரிந்தது. ஆகவே அந்த நான்கு மாதத்தையும் முடித்துவிடுங்கள். நடுவில் விட்டால் மிஞ்சிய கிருமி திரும்பப் பெருகும். வேலை வேறு ஊருக்கு மாறினால், கிளம்பும் முன்பே மருந்து கொடுக்கும் இடத்தில் சொல்லுங்கள். அந்த ஊரிலேயே கிடைக்க ஏற்பாடு செய்வார்கள்.

கேள்வி (பொறியியல் மாணவர், ஓசூர்): ரிஃபாம்பிசின் அவ்வளவு நல்ல மருந்தென்றால் அதை மட்டும் கொடுத்தால் என்ன? ஏன் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து?

பதில்: கணக்குப் போடுங்கள். கிருமி பெருகும்போது டி.என்.ஏ.வில் தற்செயலாக எழுத்துப் பிழை விழும். ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமி ஏறக்குறைய 10 கோடியில் ஒன்று என்ற அளவில் தானாகவே தோன்றும். நுரையீரலில் ஒரு குழிப்புண்ணில் 10 கோடி கிருமிகள் இருப்பது சாதாரணம். ஆக, மருந்தைத் தொடுவதற்கு முன்பே அடங்காதது ஒன்று அங்கே இருக்கலாம். ரிஃபாம்பிசினை மட்டும் கொடுத்தால் மற்றவை சாகும், அது மட்டும் பெருகும். நான்கில் இன்னொன்றான ஐசோனியசிட்டுக்கு அடங்காதது சுமார் 10 லட்சத்தில் ஒன்று. இரண்டுக்கும் ஒரே கிருமி அடங்காமல் இருக்க வேண்டுமென்றால் இரண்டையும் பெருக்குங்கள்: கோடி கோடியில் ஒன்று. அவ்வளவு கிருமி எந்த நோயாளியின் உடம்பிலும் இருக்காது. 1948இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்து, எதிர்ப்புக் கிருமிகள் கிளம்பிய பிறகு கற்ற பாடம் இது.

அந்தப் பிழை எவ்வளவு சிறியது என்பதுதான் என்னை உலுக்குகிறது. பீட்டா துண்டின் மரபணுவுக்கு ஆர்பிஓ-பி என்று பெயர். அதில் ஓரிடத்தில் ‘டி-சி-ஜி’ என்று இருப்பது ‘டி-டி-ஜி’ ஆகிறது. ஒரே எழுத்து. அதனால் குழியில் செரின் இருந்த இடத்தில் லியூசின் வந்து உட்காரும். மருந்துக்கு அங்கே பிடிப்பில்லாமல் போகும். உலகெங்கும் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு டி.பி.யில் மிக அதிகமாகக் காணப்படும் மாற்றம் இதுதான். பாலிமரேஸ் இதனால் கொஞ்சம் மந்தமாகலாம். ஆனால் அதன் மற்றத் துண்டுகளில் நாளடைவில் வேறு மாற்றங்கள் வந்து அந்தக் குறையையும் ஈடுகட்டிவிடுகின்றன.

கேள்வி (ஆய்வக உதவியாளர், நாமக்கல்): சி.பி.நாட் எந்திரம் இரண்டு மணி நேரத்தில் எதிர்ப்பு உண்டா என்று சொல்லிவிடுகிறதே, எப்படி?

பதில்: நீங்கள் தினமும் கையில் வைத்திருப்பது மேலே சொன்ன எழுத்துப்பிழையைப் படிக்கும் கருவி. ரிஃபாம்பிசின் எதிர்ப்பைத் தரும் மாற்றங்களில் 95 விழுக்காடு அளவுக்கு ஆர்பிஓ-பி மரபணுவின் 81 எழுத்துப் பகுதி ஒன்றுக்குள் அடங்கிவிடுகின்றன. சளியில் கிருமியின் டி.என்.ஏ.விலிருந்து அந்தப் பகுதியை மட்டும் பெருக்கி, ஒளிரும் துணுக்குகள் ஐந்தைப் பொருத்திப் பார்க்கிறது எந்திரம். எழுத்து சரியாக இருந்தால் ஒட்டிக்கொண்டு ஒளிரும். பிழை இருந்தால் அந்த இடத்துத் துணுக்கு ஒளிராது, அல்லது தாமதமாக ஒளிரும். இப்படி ஒளிரும் துணுக்குகளை வடிவமைத்தவர்கள் சஞ்சய் தியாகியும் ஃபிரெட் கிரேமரும். உலக சுகாதார நிறுவனம் இந்தச் சோதனையை 2010 டிசம்பரில் பரிந்துரைத்தது. கிருமியைத் திட ஊடகத்தில் வளர்த்து, பிறகு மருந்தோடு வளர்த்துப் பார்க்க அதற்கு முன்பு மாதங்கள் ஆகும். கோவாவின் மோல்பயோ நிறுவனத்தின் ட்ரூநாட், மின்தடை உள்ள சிற்றூரிலும் பேட்டரியில் ஓடும் வகை. 2020இல் அதற்கும் பரிந்துரை கிடைத்தது.

எதிர்ப்பு இருந்தால் வழி அடைபட்டுவிடவில்லை. பெடாக்குவிலின், பிரெட்டோமனிட், லினிசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் என்ற நான்கு மருந்துத் திட்டம் இப்போது உண்டு. தகுந்தவர்களுக்கு அதுவும் ஆறு மாதம்தான். முன்பு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகும், ஊசியும் சேர்த்து.

கேள்வி (பெயர் வேண்டாம், ஈரோடு): டி.பி. மாத்திரையோடு கருத்தடை மாத்திரையும் சாப்பிடுகிறேன். சேருமா?

பதில்: சேராது. ரிஃபாம்பிசின் கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை அதிகமாக்கிவிடும். கருத்தடை மாத்திரையின் ஹார்மோன் வேகமாகக் கழிந்து பலன் குறையும். காப்பர்-டி, ஆணுறை போன்ற வேறு வழி பற்றி மருத்துவரிடம் இன்றே பேசுங்கள். ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகும் சில வாரங்கள் இந்த விளைவு நீடிக்கும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரின், சில சர்க்கரை மாத்திரைகள், எச்.ஐ.வி. மருந்துகள் சிலவற்றுக்கும் இது பொருந்தும். எந்த மருத்துவரிடம் போனாலும் டி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

கேள்வி (ஓய்வுபெற்ற தபால் ஊழியர், நாகர்கோவில்): தொழுநோய்க்கும் இதே மருந்துதானா?

பதில்: ஆமாம். கூட்டு மருந்துச் சிகிச்சையில் மாதம் ஒருமுறை கொடுக்கும் ரிஃபாம்பிசின்தான் அதில் மிக வலுவான கிருமிக்கொல்லி. நோயாளியோடு பழகியவர்களுக்குத் தடுப்பாக ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுக்கலாம் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனம் கூறியது.

கேள்வி (செவிலியர், புதுச்சேரி): கொரோனாவுக்கு வந்த எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கும் பாக்டீரியாவுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: இரண்டு இடத்தில் உண்டு. தடுப்பூசியின் ஆர்.என்.ஏ.வுக்கு மூலமாக இருக்கும் டி.என்.ஏ. வளையத்தை ஈ. கோலைக்குள் வைத்துப் பெருக்குகிறார்கள். பிறகு அதைப் பிரித்தெடுத்து, செல்லே இல்லாமல் குடுவையில் படியெடுக்கிறார்கள். அங்கே எழுதுவது டி7 என்ற வைரஸின் பாலிமரேஸ். ஈ. கோலையைத் தாக்கும் வைரஸ் அது. பாக்டீரியாவின் ஐந்து துண்டுப் பாலிமரேஸுக்கு எதிரில் இது ஒற்றைப் புரதம், சிக்மா தேவையில்லை, வேகமும் பல மடங்கு. கத்தலின் கரிக்கோ, ட்ரூ வைஸ்மன் இருவருக்கும் 2023இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த எழுத்து மாற்றமும் இந்தப் படியெடுப்பின்போதுதான் நடக்கிறது: சாதாரண ‘யு’வுக்குப் பதில் சற்றே மாறிய ‘யு’வைக் குடுவையில் போட்டுவிட்டால் டி7 அதையே எடுத்துக் கோத்துவிடும்.

கேள்வி (முதுகலை உயிர்வேதியியல் மாணவி, திருநெல்வேலி): இந்தத் துறையில் நான் ஆராய இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

பதில்: 2023இல் மட்டும் உலகில் 1 கோடியே 8 லட்சம் பேரைப் புதிதாகக் காசநோய் பிடித்தது, 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நோயுற்றவர்களில் நான்கில் ஒருவர் இந்தியர். மிச்சம் நிறைய இருக்கிறது, வாருங்கள்.

ஒரு இடத்தைச் சுட்டிக்காட்டுகிறேன். ஃபிடாக்சோமைசின் என்ற மருந்தும் பாலிமரேஸைத்தான் பிடிக்கிறது. ஆனால் ரிஃபாம்பிசினின் குழியில் உட்காராது. டி.என்.ஏ. உள்ளே நுழையும் கதவுபோன்ற பகுதியைத் திறந்தபடியே மாட்டிவிடும். ஆகவே ஆர்பிஓ-பி எழுத்துப்பிழையால் ரிஃபாம்பிசினிடமிருந்து தப்பிய பாலிமரேஸையும் இதனால் பிடிக்க முடியும். ஆய்வகத்தில் காசநோய்க் கிருமி இதற்கு நன்றாகவே அடங்குகிறது. அதற்குக் காரணமும் தெரிந்திருக்கிறது: காசநோய்க் கிருமியின் பாலிமரேஸோடு ஆர்.பி.பி.ஏ. என்று ஒரு துணைப் புரதம் ஒட்டியிருக்கிறது, ஈ. கோலையிடம் அது இல்லை. மருந்து அந்தப் புரதத்தையும் சேர்த்துப் பற்றிக்கொள்கிறது.

ஆனாலும் ஃபிடாக்சோமைசின் 2011 முதல் பெருங்குடலைத் தாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசிலுக்குத்தான் பயன்படுகிறது. விழுங்கினால் குடலைத் தாண்டி ரத்தத்தில் அநேகமாகச் சேர்வதே இல்லை. குடல் நோய்க்கு அதுவே வசதி. நுரையீரல் வரை போகும்படி அந்த மூலக்கூறை மாற்ற வேண்டும், அல்லது அதே இடத்தைப் பிடிக்கும் வேறொன்றைத் தேட வேண்டும். உங்கள் முதல் ஆய்வுத் திட்டத்தை அங்கிருந்து எழுதத் தொடங்கலாம்.